எஞ்சினீர் பிடித்த உளி

போன வாரம் லியோனிலிருந்து பேரன் கூப்பிட்டான். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "தாத்தா, உங்க ஊர்ல கோல்கோந்த்னு ஒரு கட்டடம் இருக்காமே, நீங்க பாத்திருக்கீங்களா? எங்க ப்ரொஃபெஸர் வகுப்புல படம் போட்டுக் காட்டினார்" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். டூமா வீதியில் எத்தனை ஆயிரம் முறை சைக்கிளில் போயிருப்பேன்! மதிலுக்கு மேலே வரிவரியாகச் சாம்பல் நிறப் பலகைகள் தெரியும். அவ்வளவுதான் நான் பார்த்தது. வெகுகாலம் கழித்து, தெரிந்தவர் ஒருவர் துணையோடு உள்ளே போய்ப் பார்த்தேன். அதைப் பற்றியும், அதில் வேலை பார்த்த ஒரு மனிதரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பேரன் நல்ல சாக்குக் கொடுத்தான்.

முதலில் ஒரு விளக்கம். நான் படித்த பிரெஞ்சில் 'ஆர்க்கிதெக்த்' வேறு, 'அஞ்ஜெனியேர்' வேறு. நம்மூர் வாயில் இரண்டும் ஒன்றுதான். படித்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து வீடு கட்டுகிறவர் யாரானாலும் 'எஞ்சினீர்'. என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்: "அது சப்பான் எஞ்சினீர் கட்டின வீடுடா." அப்பா தச்சு ஆசாரி. 1938 வாக்கில் அவருக்குப் பதினாறு வயது. ஒரு பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். கட்டட வேலை நடந்தபோது வீதியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த 'சப்பான் எஞ்சினீர்' ஜப்பானில் பிறந்தவர் அல்ல. ஜார்ஜ் நகாஷிமா என்பது பெயர். 1905-ல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் பிறந்தவர். பெற்றோர்தான் ஜப்பானியர். கல்லூரியில் முதலில் காட்டியல் படித்தார். பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். 1930-ல் எம்.ஐ.டி.யில் மேல்பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலம் அது. சில ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துவிட்டு, காரை விற்ற பணத்தில் உலகைச் சுற்றக் கப்பல் சீட்டு வாங்கிவிட்டார். பாரிசில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கிருந்து தோக்கியோ போனார். அங்கே அந்தோனின் ரேமண்ட் என்பவர் நடத்திய கட்டட அலுவலகத்தில் சேர்ந்தார்.

ரேமண்ட் பொஹீமியாவில் பிறந்தவர். தோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டோடு 1919-ல் ஜப்பானுக்கு வந்து, அங்கேயே தனியாகத் தொழில் நடத்தியவர். அவர் மனைவி நோயமி நம் பிரான்சின் கான் நகரில் பிறந்தவர், ஓவியர். துணி, நாற்காலி, வீட்டுச் சாமான்கள் எல்லாம் வடிவமைப்பவர். கட்டடம், படம், கைத்தொழில் என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த அலுவலகம் அது. நகாஷிமாவுக்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

அந்த அலுவலகத்துக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? அரவிந்தர் ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். இயற்பெயர் ஃபிலிப் பார்பியே சேந்திலேர். பாரிசின் எக்கோல் பொலித்தெக்னிக்கில் படித்த எஞ்சினியர். ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1925-ல் நம்மூருக்கு வந்து சேர்ந்தவர். ஜப்பான் நாட்களிலேயே ரேமண்டை அவருக்குத் தெரியும். ஆசிரமத்து அன்பர்கள் தங்க ஒரு விடுதி வேண்டும் என்று அன்னை நினைத்தபோது ரேமண்டுக்கு அழைப்புப் போனது. ஹைதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி வழியாக ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. அன்றைய ஒரு லட்சம்! அந்த நன்றிக்காகத்தான் ஹைதராபாத்தின் பழைய வைரச் சுரங்கப் பெயரான கோல்கொண்டாவை விடுதிக்கு வைத்தார்கள். பிரெஞ்சில் அது கோல்கோந்த் ஆனது.

வரைபடம் தயாரானதும் புதுச்சேரிக்கு யார் போவது என்ற கேள்வி எழுந்தது. நகாஷிமா தானே முன்வந்தார். வேலைத்தளத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. துணைக்கு ஃபிரான்சுவா சாமர் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞரும் வந்தார். 1938-ல் ரேமண்டே குடும்பத்தோடு வந்து சில மாதம் தங்கினார்.

இனி கட்டடத்தைப் பற்றி. நம்மூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் கடற்காற்று தாமதமானால் மனிதன் மீன்போல் துடிக்க வேண்டியதுதான். கட்டடத்தின் நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்த்தவை. கிழக்கு மேற்கு வெயில் குறுகிய பக்கங்களில்தான் படும். நீண்ட முகங்களில் சுவரும் இல்லை, கண்ணாடி ஜன்னலும் இல்லை. தரையிலிருந்து கூரை வரை, கிடைமட்டமாகத் திருப்பி வைக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுப் பலகைகள் மட்டும்தான். நான் சைக்கிளிலிருந்து பார்த்த சாம்பல் வரிகள் அவைதாம். வெயில் வந்தால் சாய்த்துக்கொள்ளலாம், காற்று வந்தால் திறந்துகொள்ளலாம், மழை வந்தால் மூடிக்கொள்ளலாம். வடக்குப் பக்கம் நீளமான நடை, தெற்குப் பக்கம் அறைகள். அறைக்கும் நடைக்கும் இடையே தள்ளு கதவுகள், தேக்கால் செய்தவை. சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடித்திருப்பார்கள். காற்று நுழையும், கண் நுழையாது. கூரையும் இரட்டை. தட்டையான தளத்துக்கு மேலே கான்கிரீட் வளைவுகளை வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். நடுவில் காற்று ஓடுவதால் மொட்டை மாடிச் சூடு அறைக்குள் இறங்காது. தரைக்குக் கறுப்புக் கடப்பைக் கல். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து. முட்டை ஓடுபோல வழவழவென்று இருக்கிறது.

நான் உள்ளே போனது மே மாத நண்பகல். மின்விசிறி சத்தம் இல்லை, குளிர்சாதனம் இல்லை. உடம்பில் வியர்வை மெல்ல அடங்கியது. இந்தியாவில் கம்பி கட்டி, அந்த இடத்திலேயே கான்கிரீட் வார்த்து, இந்தப் புதுப் பாணியில் எழுப்பிய முதல் கட்டடங்களில் இது ஒன்று என்று பேரனின் ப்ரொஃபெஸர் சொன்னாராம். அந்த நண்பகலை நினைத்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. உள்ளே தங்கப்போகிறவரின் உடம்பை நினைத்துக் கோடு போட்டிருக்கிறார்களே, அதைத்தான் பெரிதாக நினைத்தேன்.

குமாஸ்தாவாக வாழ்நாள் கழித்த எனக்கு இன்னொரு செய்தி மிகவும் பிடித்தது. அந்த வேலைத்தளத்தில் ஓர் ஆணிகூடக் கணக்கில்லாமல் போகாதாம். எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கினார்களாம். தாழ்ப்பாள், கீல், கைப்பிடி எல்லாம் கடையில் வாங்கவில்லை. ஆசிரமத்துப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். அந்த உலோக வேலைகளுக்காக ஏற்படுத்திய பட்டறைக்கு 'அர்பகோன்' என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உடனே சிரிப்பு வரும். மொலியேர் நாடகத்தில் வரும் மகா கஞ்சன் அவன்! ஆணியை எண்ணுகிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எப்படி இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஆசிரமத்தவர்கள், அதற்கு முன் சட்டி தூக்கியே அறியாதவர்கள். மீதிப் பேர் நம்மூர்க் கொத்தனார், சித்தாள், ஆசாரிகள். சீக்கிரம் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நடுவில் யுத்தமும் வந்துவிட்டது. வடிவமைத்தவர்கள் மூவரும் ஊரைவிட்டுப் போன பிறகு, 1940-களில் ஆசிரமத்தாரே கட்டி முடித்தார்கள்.

நகாஷிமா சம்பளத்துக்கு வந்தவர். வந்த இடத்தில் ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார், அழகில் ஆனந்தம் காண்பவர் என்ற பொருளில். விடுதி அறைகளுக்கான தேக்கு மேசை நாற்காலிகளையும் அவர் வடிவமைத்தார். பின்னால் உலகம் அவரை எதற்காகத் தெரிந்துகொண்டதோ, அந்தக் கலையின் ஆரம்பம் நம்மூர்த் தேக்கில்தான். 1939-ல் இங்கிருந்து கிளம்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார், மணம் செய்துகொண்டார், சியாட்டில் நகரில் சிறிய மரப் பட்டறை தொடங்கினார். அங்கே எழும்பிய புதுக் கட்டடங்களைப் பார்த்தபோது அவருக்குச் சலிப்பு வந்தது. வரைபவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், பொருளைத் தொடாமலே எல்லாம் நடக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையிலேயே இருக்கும் தொழில் வேண்டும் என்று எம்.ஐ.டி. பட்டத்தை மடித்து வைத்துவிட்டு உளியை எடுத்தார்.

1942-ல், யுத்த நேரத்தில், அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தாரை, சுமார் 1,20,000 பேரை, முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நகாஷிமாவும் மனைவியும் பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தையும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனார்கள். தூசி பறக்கும் வெட்டவெளி, பலகைக் கொட்டகைகள். அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரும் அடைபட்டிருந்தார். ஜப்பானிய முறைப்படி தொழில் கற்றவர். படித்த கட்டடக் கலைஞர் அந்தத் தச்சரிடம் சீடராக உட்கார்ந்தார். கட்டடம் கட்டி மிஞ்சிய சட்டங்கள், அந்த வறண்ட நிலத்துப் புதர்க் கட்டைகள், இவைதான் பாடப் பொருள். உளியைத் தீட்டுவது எப்படி, ஆணி இல்லாமல் பொருத்துவது எப்படி என்று முகாமில்தான் முழுதாகக் கற்றார்.

1943-ல் ரேமண்ட் தன் பொறுப்பில் அவரை வெளியே எடுத்தார். அப்போது ரேமண்ட் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் இருந்தார். அவர் பண்ணையில் நகாஷிமா செய்த வேலை கோழி வளர்ப்பு. பிறகு அதே ஊரில் நிலம் வாங்கி, பட்டறையைத் தன் கையால் கட்டினார். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

அவர் மேசைகளின் விசேஷம் என்ன? மரத்தைச் சதுரமாக அறுத்துப் பாலீஷ் போட்டு மறைக்கமாட்டார். பட்டை உரித்த ஓரம் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே விடுவார். கணு இருந்தால் இருக்கட்டும் என்பார். பலகையில் வெடிப்பு இருந்தால் வெட்டி எறியாமல், அது மேலும் பிளக்காதிருக்கக் குறுக்கே இடை சிறுத்த ஒரு கட்டையைச் செதுக்கி இறக்குவார். அமெரிக்காவில் அதை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிடுகிறார்கள். எனக்கு உடுக்கை மாதிரித் தெரிகிறது. நியூயார்க் ஆளுநராயிருந்த ராக்கஃபெல்லர் வீட்டுக்கு மட்டும் 200 சாமான்களுக்கு மேல் செய்து கொடுத்தார். 'கோனாய்ட்' நாற்காலி என்று ஒன்று. அதற்கு இரண்டே கால். நிற்காது என்றார்கள், நின்றது. படித்த எஞ்சினீர் மூளையும் தச்சர் கையும் சேர்ந்தால்தான் அது முடியும். தன் பட்டறைக்கே மெல்லிய கான்கிரீட்டில் வளைந்த கூரை போட்டார். அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு டூமா வீதியின் கூரை வளைவுகள் நினைவுக்கு வந்தன. 1960-களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மேசை நாற்காலி வடிவங்கள் செய்து கொடுத்தார். வயதான காலத்தில் மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்று கிடைத்தது. கண்டத்துக்கொன்றாக அமைதிப் பீடம் செய்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதலாவது 1986-ல் நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்துக்குப் போனது. 1990-ல் அவர் காலமானார். 1996-ல் ஒரு பீடம் ஆரோவில்லுக்கு வந்தது. வேலையை மகள் தொடர்ந்து நடத்தினார்.

சரித்திரம் இதோடு முடிந்தது. இனி என் சொந்தக் கணக்கு.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு வரி. என் பெஞ்சில் இருந்த பையன்களின் தகப்பனார்கள் வக்கீல், நோத்தேர், பென்ஷன் வாங்கும் சொல்தா. என் அப்பா காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழைப்புளியோடு போகிறவர். 'மெனுயிசியே' என்று எழுத வேண்டியதுதான், தச்சருக்கு அழகான பிரெஞ்சுச் சொல். நான் 'கொம்மெர்சாந்' என்று எழுதினேன், வியாபாரி. அப்பாவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுமுன் விரலை அந்த வரியில் வைத்து, "இங்க என்னடா எழுதியிருக்க?" என்று கேட்டார். "தச்சு வேலைன்னு எழுதியிருக்கேம்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிரெஞ்சில்கூடத் தன் தொழிலுக்குப் பெயர் இருக்கிறது என்ற சந்தோஷம். தமிழில் மெதுவாகக் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டும் அப்படியே எழுதினேன், அதற்கடுத்த ஆண்டும். ஒருமுறை எழுதியதை எப்படி மாற்றுவது?

அப்பாவின் ஆசை நான் நாற்காலி உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது. "நாற்காலி செய்யறவன் நான், ஒக்காரறவன் நீ" என்பார். 1962-க்குப் பிறகு என் பிரெஞ்சுக்கு மதிப்புக் குறைந்து, இங்கிலீஷைக் கோப்புகளிலிருந்தே கற்றுக்கொண்டு குமாஸ்தா ஆனேன். நான் வேலையில் சேர்ந்தபோது அப்பா தன் கையாலேயே ஒரு மேசை செய்து கொடுத்தார். வீட்டில் எழுதுவதற்கு. ஒரே பலகை, பழைய வீட்டுத் தேக்கு உத்திரத்தில் எடுத்தது. பலகையின் நடுவில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் குறுக்கே இரண்டு உடுக்கைக் கட்டைகளை இறக்கியிருந்தார். எனக்கு அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. "வேற பலகை கெடைக்கலியாப்பா?" என்று கேட்டேன். "இது நல்ல மரம்டா. வெடிச்சா தூக்கிப் போட்டுடுவாங்களா?" என்றார். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் அதன்மேல் விரிப்புப் போட்டு மூடிவிடுவேன். இருபது வருஷம் அப்படி மூடியிருந்தது. அப்பா வரும்போதெல்லாம் அந்த விரிப்பைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

1988-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு ஒருநாள், ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நகாஷிமாவைப் பற்றிய கட்டுரை. புதுச்சேரி என்ற பெயரைப் பார்த்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். அடுத்த பக்கத்தில் ஒரு மேசையின் படம். நடுவில் வெடிப்பு, குறுக்கே உடுக்கைக் கட்டைகள். பத்திரிகையை நான் வைத்திருந்ததே அப்பாவின் மேசைமேல்தான். விரிப்பை எடுத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

அப்பா நகாஷிமாவிடம் கற்றார் என்று நான் கதை கட்டமாட்டேன். அவர் வீதியில் நின்று வேடிக்கை பார்த்த பையன், அவ்வளவுதான். நல்ல மரத்தை மதிக்கிறவன் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வெடிப்புக்கு அதே வைத்தியத்தைத்தான் கண்டுபிடிப்பான். எம்.ஐ.டி.யில் படித்தவர் முகாமில் தச்சரிடம் கைகட்டி நின்று கற்றார். நான் பன்னிரண்டு வயதில் தச்சரின் மகன் என்று எழுத வெட்கப்பட்டேன். அவருக்கு ஆசான் கிடைத்த இடம் சிறை. எனக்கு வீட்டிலேயே இருந்தார்.

அந்த விரிப்பை மறுபடி போடவில்லை. இதை அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். உடுக்கைக் கட்டைகள் இரண்டும் இன்னும் அசையவில்லை, வெடிப்பு ஒரு நூல்கூட நீளவில்லை.

பேரனுக்கு மேசையைப் படம் எடுத்து அனுப்பினேன். "யார் செய்தது தாத்தா?" என்று உடனே கேட்டான். அவன் தாய்மொழி மாதிரிப் பேசும் பிரெஞ்சிலேயே பதில் எழுதினேன். அறுபது வருஷம் முன்பு எழுதியிருக்க வேண்டிய சொல். உன் கொள்ளுத் தாத்தா, மெனுயிசியே.